வரிசை நிற்கக் கூடாது

சோவியத் நாவல்கள் தமிழில் மலிவு விலைக்குக் கிடைத்த காலத்து வாசகர்களுக்கு ‘உண்மை மனிதனின் கதை’ நினைவிருக்கும். பொரீஸ் பொலெவோய் எழுதியது. சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு விமானி பனிக்காட்டில் பதினெட்டு நாள் தவழ்ந்து வருகிறார். இரண்டு கால்களும் போகின்றன. பொய்க்கால்களோடு மறுபடி சண்டை விமானம் ஓட்டுகிறார். நாவலில் அவர் பெயர் மெரேஸ்யெவ். நிஜத்தில் ஒரே ஓர் எழுத்துதான் மாற்றம், அலெக்ஸெய் மரேஸ்யெவ். 1942 ஏப்ரலில் அவர் விழுந்தபோது ஓட்டியது யாக்-1. 1943 கோடையில் கூர்ஸ்க் சண்டைக்குத் திரும்பியபோது அவருக்குக் கொடுக்கப்பட்டது லா-5.

நாவலைப் படிக்கும்போது இந்த இரண்டு பெயர்களும் கண்ணில் பட்டு நழுவிப் போய்விடும். ஆனால் அவர் யாக்-1லிருந்து விழுந்த அந்த வசந்தத்தில் லா-5 என்ற பெயரில் ஒரு விமானமே கிடையாது. அதன் முதல் மாதிரி அப்போதுதான் பறந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதை உருவாக்கியவரின் தொழிற்சாலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவது என்ற முடிவு மாஸ்கோவில் தயாராகிக்கொண்டிருந்தது. பதினைந்து மாதம் கழித்து அதே விமானம் போர்முனையில் நூற்றுக்கணக்கில் நிற்கிறது. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக அட்டவணை போடுவார்கள். வேகம் எவ்வளவு, எத்தனை பீரங்கி, எவ்வளவு உயரம், கடைசியில் எது சிறந்தது. சின்ன வயதில் நானும் அந்த அட்டவணைகளில்தான் ஆரம்பித்தேன். ஆனால் சோவியத் விமானங்களுக்கு வரும்போது அட்டவணை குழம்பிவிடுகிறது. யாக்-9 என்ற ஒரே பெயருக்குப் பின்னால் டி, டிடி, தே, பே, கா, எம், உ என்று எழுத்துகள் வால்போல வருகின்றன. லாக்-3 என்ற ஒரு விமானம் மட்டும் 66 தொகுதிகளாக, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு சின்ன மாற்றத்தோடு வெளிவந்தது. எதை எதோடு ஒப்பிடுவது? அந்த வால் எழுத்துகளைத்தான் படிக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. எந்த நெருக்கடியில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது அவற்றில்தான் பதிவாகியிருக்கிறது.

மரத்தில் செய்த விமானம்

1940 தொடக்கத்தில் சோவியத் யூனியனிடம் மூன்று புதிய சண்டை விமானங்கள் பிறந்தன. அலெக்ஸாந்தர் யாகவ்லெவின் யாக்-1, மிக்கோயன்–குரேவிச் இணையின் மிக்-3, லவோச்கின்–கொர்புனோவ்–குத்கோவ் மூவரின் லாக்-3. அதுவரை இருந்தவை ஐ-16, ஐ-153 போன்ற பழைய தலைமுறை. ஸ்பெயினில் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட்டுகளின் புதிய வடிவங்களோடு மோதிய பிறகு அவை போதாது என்பது தெளிவாகிவிட்டது. அவசரம். அந்த அவசரம் மூன்றிலும் தெரிந்தது.

லாக்-3 மரவிமானம். அதில் விநோதம் ஒன்றும் இல்லை. சோவியத் யூனியனிடம் அலுமினியம் குறைவு, காடு நிறைய. பிர்ச் மரத்தின் மெல்லிய தகடுகளை ஃபீனால் பிசினில் ஊறவைத்து, அழுத்தி, சூடேற்றிச் செய்த ‘டெல்டா மரம்’ சாதாரண மரத்தைவிட வலுவானது, எளிதில் தீப்பிடிக்காதது. மாதிரி விமானத்தில் அது அழகாக வேலை செய்தது. ஆனால் அந்தப் பிசின் வெளியிலிருந்து, அதுவும் ஜெர்மனியிலிருந்து வர வேண்டியிருந்தது. பெருமளவு உற்பத்தி என்று வந்ததும் டெல்டா மரம் முக்கியமான சில பாகங்களோடு நின்றுபோய், மற்ற இடங்களில் சாதாரண பைன் மரமே வந்தது. எடை கூடியது.

அப்புறம் மேலிடத்திலிருந்து ஓர் ஆணை. விமானம் 1,000 கி.மீ. பறக்க வேண்டும். இறக்கைகளுக்குள் கூடுதல் எரிபொருள் தொட்டிகள் ஏறின. எடை மறுபடி கூடியது. போர்முனைக்கு வந்தபோது லாக்-3 சுமார் 3.2 டன். அதை இழுக்க க்ளீமோவின் எம்-105 எஞ்சின், 1,100 குதிரைத்திறனுக்குள். எதிரே வந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109எஃப் அதைவிட லேசானது, எஞ்சினோ அதைவிட வலுவானது. லாக்-3 மேலே ஏறத் தயங்கியது. கட்டுப்பாட்டுக் கோலை வேகமாக இழுத்தால் சுழலில் விழுந்தது. தரையிறங்கும் சக்கரக் கால்கள் சில நேரம் தாமாகவே மடங்கின. லாக் என்ற எழுத்துகளுக்கு ‘வார்னிஷ் அடித்த, உத்தரவாதமுள்ள சவப்பெட்டி’ என்று ரஷ்ய மொழியில் ஒரு விரிவாக்கம் உண்டு. விமானிகளின் கறுப்பு நகைச்சுவை. மரத்தின்மேல் பளபளவென்று மெருகு பூசியிருப்பார்கள், அதனால் ‘வார்னிஷ்’. ‘சவப்பெட்டி’க்கு விளக்கம் தேவையில்லை.

இப்படிப்பட்ட விமானம் மொத்தம் ஏறத்தாழ 6,500 செய்யப்பட்டது. தெரிந்தேதான் செய்தார்கள். ஏன் என்பதற்கு 1941ஐப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை என்கிற கட்டளை

1941 ஜூன் 22. ஜெர்மனி தாக்கிய முதல் நாளிலேயே சோவியத் தரப்பு தன் கணக்கிலேயே சுமார் 1,200 விமானங்களை இழந்தது. பெரும்பாலானவை தரையில் வரிசையாக நின்றபடியே எரிந்தவை. அடுத்த சில மாதங்களில் மேற்கிலிருந்த தொழிற்சாலைகளை இயந்திரங்களோடு ரயிலேற்றி வோல்காவுக்கும் உராலுக்கும் சைபீரியாவுக்கும் கொண்டுபோனார்கள். கூரை போடுவதற்கு முன்பே இயந்திரங்கள் ஓடத் தொடங்கிய இடங்கள் உண்டு. வேலையில் நின்றவர்களில் பெரும்பகுதி பெண்களும் பதின்வயதுப் பையன்களும். கடைசல் இயந்திரம் எட்டாமல் பெட்டியின் மேல் ஏறி நின்று வேலை பார்த்த பிள்ளைகளைப் பற்றி அந்தக் காலத்து நினைவுக் குறிப்புகள் பல சொல்கின்றன. ஸப்பரோஷியாவின் பெரிய அலுமினிய ஆலை எதிரியின் கைக்குப் போய்விட்டது. மரவிமானம் என்பது தேர்வாக இருந்த நிலை மாறி, அதுவே ஒரே வழி என்று ஆயிற்று.

இந்த நிலையில் மாஸ்கோ போட்ட கட்டளை எளிமையானது. தினசரி எண்ணிக்கை குறையக் கூடாது. விமானத்தை மேம்படுத்தலாம், தாராளமாக. ஆனால் அதற்காக வரிசை நிற்கக் கூடாது. நல்ல புதிய வடிவமைப்புக்கு மாறுவதென்றால் ஜிக்குகளை மாற்ற வேண்டும், வார்ப்புகளை மாற்ற வேண்டும், ஆட்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குள் சில மாதங்கள் போய்விடும். அந்த மாதங்களில் போர்முனைக்கு விமானமே வராது. மோசமான விமானமா, விமானமே இல்லாத வானமா? இப்படிக் கேட்டால் பதில் ஒன்றுதான்.

இந்தக் கட்டளைக்கு நல்ல விமானமும் பலியாகலாம். மிக்-3 அப்படிப் போனது. உயரத்தில் வேகமானது, ஆனால் கிழக்குப் போர்முனையில் சண்டை பெரும்பாலும் 4,000 மீட்டருக்குக் கீழேயே நடந்தது. அதைவிட முக்கியம், மிக்-3இன் எஞ்சினும் ஈல்-2 தாக்குதல் விமானத்தின் எஞ்சினும் ஒரே ஆலையின் ஒரே குடும்பம். ஈல்-2 போதவில்லை என்று 1941 டிசம்பரில் ஸ்டாலினே ஆலைகளுக்குக் கோபமாகத் தந்தி அடித்தார். செஞ்சேனைக்கு அது ரொட்டியைப்போல, காற்றைப்போலத் தேவை என்பது அதன் சாரம். அத்தோடு மிக்-3இன் கதை முடிந்தது. மூவாயிரத்துச் சொச்சத்தோடு நின்றுவிட்டது.

நான் வேலை பார்ப்பது மென்பொருளில். அங்கும் இந்தக் கட்டளையை வேறு வார்த்தைகளில் தினமும் கேட்கிறோம். பழைய நிரல் அசிங்கமாக இருக்கிறது, திருப்பி எழுதலாம் என்று சின்ன வயதுக்காரர் யாராவது சொல்வார். பெரியவர்கள் சிரிப்பார்கள். “ஓடற வண்டியிலதாம்பா டயர மாத்தணும்.” ஆகவே லாக்-3 தொழிற்சாலையில் அடுத்து நடந்ததைப் படிக்கும்போது எனக்குத் தொழில்முறையில் ஒரு பரவசம் வரத்தான் செய்கிறது. அந்தப் பரவசத்தை முழுசாக நம்பக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

46 சென்டிமீட்டர்

1942 தொடக்கத்தில் செம்யோன் லவோச்கின் வசமாக மாட்டிக்கொண்டிருந்தார். கோர்க்கி நகரின் 21ஆம் எண் தொழிற்சாலைதான் லாக்-3இன் தலைமையிடம். அந்தத் தொழிற்சாலையை யாக்-7க்குக் கொடுத்துவிட்டு லவோச்கினின் குழு ஜார்ஜியாவின் திபிலிசிக்குப் போக வேண்டும் என்று ஆணை வந்தது. யாகவ்லெவ் வடிவமைப்பாளர் மட்டுமல்ல, விமானத் தொழில் அமைச்சகத்தில் துணை ஆணையரும்கூட. தன் விமானத்துக்குத் தானே வழிவிட்டார் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை உண்டு. ஆனால் எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த ஆணையில் தவறும் சொல்ல முடியாது. யாக் நன்றாகப் பறந்தது, லாக் பறக்கவில்லை.

அதே நேரத்தில் உராலின் பெர்ம் நகரில் இன்னொருவருக்கு நேரெதிர் பிரச்சினை. அர்காதி ஷ்வெத்சோவின் எம்-82 எஞ்சின் தயார். பதினான்கு சிலிண்டர், இரண்டு வட்ட அடுக்குகள், காற்றால் குளிரும் ரேடியல், 1,700 குதிரைத்திறன். ஆனால் அதைப் பொருத்திக்கொள்ள விமானங்கள் அவ்வளவாக இல்லை. கேட்பாரில்லாமல் ஒரு நல்ல எஞ்சின், எஞ்சின் போதாமல் ஒரு விமானம். இரண்டையும் சேர்த்துவிட்டால் போச்சு என்று தோன்றும்.

பிரச்சினை, இரண்டும் வேறு வேறு உடல்வாகு. லாக்-3இன் பழைய எஞ்சின் நீளமானது, ஒடுங்கியது, திரவத்தால் குளிர்வது. அதற்கேற்பச் செதுக்கிய மூக்கு. எம்-82 வட்டமான பானை. விமான உடலைவிட அதன் விட்டம் கிட்டத்தட்ட 46 செ.மீ. அதிகம். எடை 250 கிலோ அதிகம், எல்லாம் முன்பக்கத்தில். பழைய எஞ்சினின் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே பீரங்கியை வைத்து ப்ரொப்பெல்லரின் மையத் துளை வழியாகச் சுட்டார்கள். ரேடியலில் அந்த இடமே கிடையாது.

சுத்தமான தீர்வு, புதிய உடல். ஆனால் புதிய உடல் என்றால் வரிசை நின்றுவிடும். லவோச்கினின் ஆட்கள் செய்தது ஒட்டுவேலை. பழைய உடலை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் இருபுறமும் பிளைவுட்டால் ஒரு போலி விலாவைக் கட்டினார்கள். பானைபோன்ற மூக்கு பின்னால் போகப்போக ஒடுங்கி, பழைய உடலோடு வந்து கலந்தது. புகைபோக்கிக் குழாய்களை இரண்டு பக்கமும் கொத்தாகச் சேர்த்தார்கள். மூக்கின் மேலே இரண்டு 20 மி.மீ. ஷ்வாக் பீரங்கிகள், சுழலும் ப்ரொப்பெல்லர் இலைகளுக்கு இடையே சுடும்படி இணைக்கப்பட்டவை. ரேடியேட்டரும் அதன் குழாய்களும் போயின. காக்பிட்டுக்குப் பின்னால் எல்லாம் பழைய லாக்தான். பழைய ஜிக்குகள், பழைய மரம், பழைய ஆட்கள்.

1942 மார்ச்சில் சோதனை விமானி வசீலி மிஷ்சென்கோ அதைப் பறக்கவிட்டார். எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று குறை சொன்னார், ஆனால் வேகம் வேறு ரகம் என்றும் சொன்னார். அரசுச் சோதனையில் மணிக்கு 600 கி.மீ. எட்டியது. லாக்-3 இதன் பக்கத்திலேயே வர முடியாது. பெர்ம் எஞ்சின்காரர்களும் உள்ளூர்க் கட்சித் தலைமையும் மாஸ்கோவில் தங்கள் எஞ்சினுக்காக ஏற்கெனவே வாதாடிக்கொண்டிருந்தார்கள். திபிலிசி ஆணை திரும்பப் பெறப்பட்டது. கோர்க்கி லவோச்கினுக்கே திரும்பியது. விமானம் முதலில் லாக்-5, செப்டம்பரிலிருந்து லா-5. கொர்புனோவ், குத்கோவ் இருவரின் எழுத்துகளும் பெயரிலிருந்து விழுந்துவிட்டன. குத்கோவும் 1941லேயே தனியாக ஒரு லாக்-3இல் இதே எஞ்சினைப் பொருத்திப் பார்த்தவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். யோசனை பலருக்கு வந்தது. வரிசை இருந்தது ஒருவரிடம்.

இது சோவியத்துக்கு மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. 1945இல் ஜப்பானின் கவாசாக்கியிடம் திரவக்குளிர் எஞ்சின் வராமல் 275 வெற்று உடல்கள் நின்றன. அவர்களும் அவற்றில் ஒரு ரேடியலை ஒட்டி கி-100 என்று பறக்கவிட்டார்கள். பழையதைவிட நன்றாகப் பறந்தது. ஒடுங்கிய உடலில் அகலமான எஞ்சினை எப்படிப் பொருத்துவது என்று அவர்கள் பார்த்துக் கற்றது ஜெர்மானிய ஃபோக்-வுல்ஃப் 190இலிருந்து.

எஃப், என்

1942 ஆகஸ்டில் லா-5கள் ஸ்டாலின்கிராடுக்கு வந்தன. வந்தவை மாதிரி விமானத்தைவிடக் கணிசமாக மெதுவாகப் பறந்தன. மாதிரியைக் கைவினைஞர்கள் செய்கிறார்கள், வரிசையில் வருவதை நேற்று வேலைக்கு வந்தவர்கள் செய்கிறார்கள். எஞ்சின் மூடியின் இடுக்குகளில் காற்று கசிந்தது, மேற்பரப்பு சீராக இல்லை. ஆய்வு நடந்தது. காற்றியக்கவியல் நிறுவனமான ட்சாகி ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைக்கச் சொல்லிக்கொடுத்தது. இடுக்கை அடைப்பதால் வரும் ஐந்து கிலோமீட்டர், சக்கர மூடியைச் சீராக்கினால் வரும் ஐந்து கிலோமீட்டர். இவற்றைப் பற்றி யாரும் நாவல் எழுதுவதில்லை. லா-7 வரைக்கும் லவோச்கின் விமானங்கள் வேகமானதில் பெரிய பங்கு இந்தச் சில்லறை வேலைக்குத்தான்.

விமானிகள் பங்குக்கும் ஒன்று உண்டு. காக்பிட் சூளைபோலக் கொதித்தது, புகை உள்ளே வந்தது, அவசரத்துக்கு மேல்மூடியை உதறித் தள்ள முடியாது. அதனால் பலர் மூடியைத் திறந்துவைத்தே பறந்தார்கள். அதில் வேகம் இன்னும் போனது. மூடு என்று சுற்றறிக்கை அனுப்பலாம். உள்ளே வெந்து சாகிற பயம் உள்ளவனிடம் சுற்றறிக்கை எடுபடாது.

அடுத்து எழுத்துகள். லா-5எஃப். ‘எஃப்’ என்பது ‘உந்தப்பட்ட’ என்பதற்கான ரஷ்யச் சொல்லின் முதல் எழுத்து. எஞ்சினைக் கொஞ்ச நேரம் மட்டுமே முழு மூச்சில் ஓட்டலாம் என்ற கட்டுப்பாடு தளர்ந்தது. காக்பிட்டுக்குப் பின்னாலிருந்த மேடும் வெட்டப்பட்டு, விமானிக்குப் பின்னால் பார்க்க வழி கிடைத்தது. பிறகு லா-5எஃப்என். ‘என்’ என்றால் நேரடி, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவது. 1,850 குதிரைத்திறன், மணிக்கு 640 கி.மீ.க்கு மேல். எஞ்சின் மூடியின் பக்கவாட்டில் ஒரு சாய்சதுரத்துக்குள் அந்த இரண்டு எழுத்துகளைப் பூசியிருப்பார்கள். 1943 கோடையில் ஜெர்மானியர்கள் அந்தச் சாய்சதுரத்தை அடையாளம் காணக் கற்றுக்கொண்டார்கள்.

கடைசியாக 1944இல் லா-7. அதற்குள் அலுமினியம் ஓரளவு வரத் தொடங்கிவிட்டது. அமெரிக்க உதவியிலும் நிறைய வந்தது. இறக்கையின் முதுகெலும்பு மரத்திலிருந்து உலோகத்துக்கு மாறி எடை குறைந்தது. சோவியத் தரப்பின் அதிக வெற்றிகள் பெற்ற விமானி இவான் கொஷெதுப், அதிகாரபூர்வக் கணக்கில் 62 விமானங்களை வீழ்த்தியவர். அவர் போர் முழுவதும் ஓட்டியது இந்தக் குடும்பம் மட்டும்தான். லா-5, லா-5எஃப்என், லா-7. அவருடைய லா-5எஃப்என்களில் ஒன்று, வசீலி கோனெவ் என்ற கூட்டுப்பண்ணைக்காரர் தன் சேமிப்பிலிருந்து கொடுத்த பணத்தில் செய்தது. போரில் இறந்த தன் உறவினரின் பெயரை அதன் பக்கவாட்டில் எழுதக் கேட்டுக்கொண்டார். கொஷெதுபின் 27ஆம் எண் லா-7 இப்போது மாஸ்கோவுக்கு அருகே மோனினோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

யாக் குடும்பத்தின் காலி இருக்கை

யாகவ்லெவின் வழி வேறு. அவரிடம் ஓரளவு நல்ல விமானம் இருந்தது, நல்ல எஞ்சின் இல்லை. க்ளீமோவின் எம்-107 வரும், வரும் என்றார்கள். போர் முடியும்வரை அது நம்பகமாக வரவில்லை. ஆகவே இருக்கிற எம்-105ஐ வைத்தே எல்லாம்.

முதலில் எஞ்சினை முறுக்கினார்கள். உள்ளே அழுத்தத்தைக் கூட்டினால் தாழ்ந்த உயரத்தில் சக்தி கூடும், மேலே குறையும், எஞ்சினின் ஆயுளும் குறையும். க்ளீமோவ் ஒப்பவில்லை, தன் எஞ்சின் கெட்டுப்போகும் என்றார். எந்த எஞ்சின்காரரும் அதைத்தான் சொல்வார். ஆனால் சண்டை நடப்பதே கீழே. சராசரி சண்டை விமானம் எஞ்சின் தேயும்வரை உயிரோடு இருப்பதில்லை. இந்தக் கணக்கின் குரூரத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையிருக்கவில்லை. எம்-105பிஎஃப் வரிசைக்கு வந்தது.

யாக்-7 பிறந்த விதம் இன்னும் சுவாரசியம். அது இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். 1941இல் தொழிற்சாலையிலிருந்த பொறியாளர்கள் அதன் பின்னிருக்கையை எடுத்துவிட்டு, கவசமும் பீரங்கியும் வைத்து, இதுவும் சண்டை விமானம்தானே என்றார்கள். யாகவ்லெவ் முதலில் தயங்கினார். ஆனால் அந்தக் காலி இடம் பொன்னாக அமைந்தது. பின்னிருக்கை இருந்த இடத்தில் எரிபொருள் வைக்கலாம், சாமான் வைக்கலாம், ஒரு மெக்கானிக்கைக்கூட ஏற்றிக்கொண்டு அடுத்த தளத்துக்குப் போகலாம். அந்த விமானம் வளர்ந்துதான் யாக்-9 ஆனது. உலோக முதுகெலும்பு வைத்ததும் இறக்கைக்குள் இடம் கிடைத்தது. பிறகு எழுத்துகள் குட்டிபோட்டன. டி எழுத்துக்கு நீண்ட தூரம். தே எழுத்துக்கு 37 மி.மீ. பீரங்கி, அதை வைக்க காக்பிட்டையே 40 செ.மீ. பின்னால் தள்ளினார்கள். சுட்டால் உதைக்கும், இரண்டு மூன்று குண்டுக்கு மேல் தொடர்ந்து சுட்டால் குறி போய்விடும். பட்டால் எதிரிக்கு ஒன்றே போதும். பே எழுத்துக்கு விமானியின் முதுகுக்குப் பின்னால் நான்கு 100 கிலோ குண்டுகள். மொத்தத்தில் யாக்-9 மட்டும் 16,700க்கு மேல்.

எஞ்சின் வராது என்று உறுதியானதும் உடம்பை இளைக்க வைத்தார்கள். இறக்கையின் பரப்பை 17.15 சதுர மீட்டரிலிருந்து 14.85க்குக் குறைத்து, ஒவ்வொரு கிலோவாகச் சுரண்டி, 2.7 டன்னில் யாக்-3. 1944இல் போர்முனைக்கு வந்த அது தாழ்ந்த உயரத்தில் அந்தப் போரின் மிகச் சுறுசுறுப்பான விமானங்களில் ஒன்று. சோவியத் பக்கம் போரிட்ட பிரெஞ்சு நார்மண்டி-நியேமென் படைப்பிரிவு யாக்-3களிலேயே போரை முடித்தது. போர் முடிந்ததும் அவற்றை ஓட்டிக்கொண்டே பாரீஸ் திரும்பியது.

கிழிந்த துண்டு

இதுவரை சொன்னதைக் கேட்டால் எல்லாம் புத்திசாலித்தனமான வெற்றிக்கதைபோல இருக்கும். வரிசையை நிறுத்தாத கட்டளைக்கு இன்னொரு முகம் உண்டு.

1943 ஜூன் தொடக்கம். கூர்ஸ்க் சண்டைக்கு ஒரு மாதம்கூட இல்லை. யாகவ்லெவையும் துணை ஆணையர் திமெந்தியெவையும் ஸ்டாலின் அழைத்தார். மேஜைமேல் விமான இறக்கையின் மேலுறைத் துண்டுகள், வெடித்து உரிந்தவை. யாக் விமானங்களில் பறக்கும்போதே இறக்கைத் தோல் கிழிந்துகொண்டிருந்தது. யாகவ்லெவ் தன் நினைவுக் குறிப்பில் இந்தச் சந்திப்பை விவரிக்கிறார். ஸ்டாலினை அவ்வளவு கோபத்தில் தாம் பார்த்ததில்லை என்கிறார். காரணம் சின்னது. உராலில் ஓர் ஆலை, சரக்குத் தட்டுப்பாட்டில் மாற்றுப்பொருள் கலந்து செய்த வண்ணப்பூச்சு. சரியாகச் சோதிக்காமலே அனுப்பிவிட்டார்கள். வெயிலும் மழையும் பட்டதும் பூச்சு வெடித்தது, அடியில் ஒட்டியிருந்த துணி உரிந்தது. பழுதுபார்க்கும் குழுக்கள் போர்முனைத் தளங்களுக்கு ஓடின. நூற்றுக்கணக்கான விமானங்களைச் சில வாரங்களில் சரிசெய்தார்கள். ஜூலை 5 அன்று சண்டை தொடங்கியபோது அவை பறக்கும் நிலையில் இருந்தன.

இதையும் சாதனை என்று வாசிக்கலாம். ஆனால் அந்தப் பூச்சு ஏன் வந்தது? மாற்றுப்பொருளைக் கலந்தவருக்கும் அன்றைய எண்ணிக்கை ஒன்று இருந்திருக்கும். அவரும் தன் வரிசையை நிறுத்தவில்லை.

இன்னொரு பக்கம், வரிசையே கிடைக்காத விமானம். நிக்கொலாய் பொலிக்கார்ப்பவின் ஐ-185. அதே எம்-82 எஞ்சினோடும், அதைவிடப் பெரிய எம்-71 எஞ்சினோடும் அவர் அதை வடிவமைத்தார். ஒட்டுவேலை இல்லை, ரேடியலுக்காகவே வரைந்த உடல். 1942 கடைசியில் சில விமானங்கள் கலீனின் போர்முனையில் சண்டையிலேயே சோதிக்கப்பட்டன. ஓட்டியவர்கள் புகழ்ந்தார்கள். ஆனால் எம்-71 நம்பகமாகவில்லை, ஓய்ந்திருக்கும் தொழிற்சாலையும் எங்கும் இல்லை. 1943 ஏப்ரலில் சோதனை விமானி வசீலி ஸ்தெபான்சோனக் எஞ்சின் நின்றுபோய் அதில் இறந்தார். விமானம் கைவிடப்பட்டது. பொலிக்கார்ப்பவ் அடுத்த ஆண்டு நோயில் இறந்தார். ஐ-16ஐத் தந்த மனிதரின் சிறந்த விமானம் வரிசைக்கு வரவே இல்லை. ரசிகர்கள் இன்றும் அதற்காக வருந்துகிறார்கள். ‘1942இல் ஐ-185ஐ மட்டும் செய்திருந்தால்...’ செய்திருக்க முடியாது. அதுதான் விஷயம். ஒட்டுப்போட்ட லா-5 ஜெயித்தது அது மேலான விமானம் என்பதால் இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வரிசைக்குள் அதனால் நுழைய முடிந்தது.

யார் கணக்கு

மென்பொருள்காரனாக எனக்கு வரும் பரவசத்தை முழுசாக நம்பக் கூடாது என்று சொன்னேனே, அது இங்கேதான். எங்கள் தொழிலில் அரைகுறையாக ஒன்றை வெளியிட்டால் பயன்படுத்துகிறவர் புகார் எழுதுவார், திட்டுவார், வேறிடம் போவார். அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம். லாக்-3ஐ ‘பயன்படுத்தியவர்’ இருபது வயதுப் பையன். பயிற்சி நேரமும் குறைவு. அவன் புகார் எழுதத் திரும்பி வர வேண்டும். வரிசை நிற்காததற்கான விலை அவனிடம்தான் வசூலிக்கப்பட்டது. 1941–42இல் அந்த விலையைக் கொடுக்காமல் இருந்திருக்கலாமா என்றால், எனக்குத் தெரிந்தவரை இல்லை. 1942இல் சோவியத் ஆலைகள் ஏறத்தாழ 25,000 விமானங்களைத் தந்தன, ஜெர்மனி சுமார் 15,000. இழந்துகொண்டேயிருந்தும் வானம் காலியாகாமல் இருந்தது அந்த வித்தியாசத்தால். லா-5எஃப்என் வரும்வரை காலத்தை வாங்கித் தந்தது லாக்-3தான். கணக்கு சரிதான். சரியான கணக்கென்பதால் அவன் செலவுப் பத்தியில் இல்லாமல் போய்விடுவதில்லை.

இந்தக் கணக்குக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. போர் முழுவதும் விமானத் தொழிலின் மக்கள் ஆணையர் அலெக்ஸெய் ஷாஹுரின். தினசரி எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். விமானங்களைப் பெற்றுக்கொண்ட விமானப்படைத் தளபதி அலெக்ஸாந்தர் நோவிக்கோவ். 1946இல் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். குற்றச்சாட்டு: போர்க்காலத்தில் குறைபாடுள்ள விமானங்களைச் செய்தது, தெரிந்தே ஏற்றுக்கொண்டது, அரசிடமிருந்து மறைத்தது. ஷாஹுரினுக்கு ஏழு ஆண்டு, நோவிக்கோவுக்கு ஐந்து. உள்ளே அதிகார அரசியல் இருந்தது, சித்திரவதை இருந்தது. ஸ்டாலின் இறந்த பிறகு 1953இல் தீர்ப்பு ரத்தானது. ஆனால் குற்றச்சாட்டின் சொற்களைப் பாருங்கள். குறைபாடு இருந்தது உண்மை. தெரிந்திருந்தது உண்மை. எண்ணிக்கை குறையக் கூடாது என்று சொன்னவர்தான் குறைபாட்டுக்கான தண்டனையையும் கொடுத்தார்.

யாக்-9இன் வால் எழுத்துகளை இப்போது பார்க்கும்போது நான் வேகத்தைத் தேடுவதில்லை. எந்த மாதம், எந்தத் தட்டுப்பாடு, எதை எடுத்துவிட்டு எதை வைத்தார்கள் என்று தேடுகிறேன். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு கூட்டம் நடந்திருக்கும். வரிசையை நிறுத்தாமல் இதைச் செய்ய முடியுமா என்று ஒருவர் கேட்டிருப்பார். முடியும் என்று சொன்னவர் பிளைவுட்டில் ஒரு போலி விலாவைக் கட்டக் கிளம்பியிருப்பார். அவர் கிளம்பிய அன்றும் பழைய விமானங்கள் வழக்கமான எண்ணிக்கையில் போர்முனைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.